பக்கவிளைவு யார் கைவேலை?

"நல்ல எண்ணத்தில்தான் சட்டம் போட்டார்கள், ஆனால் அடி விழுவதென்னவோ நம் ஏழைகளின் வயிற்றில்." ஐரோப்பாவின் விநியோகச் சங்கிலிச் சட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏற்றுமதியாளர் கூட்டங்களிலும் வணிகப் பத்திகளிலும் இந்த வாதம்தான் முதலில் வந்து நிற்கிறது. தொழிற்சங்கம் என்றாலே முகம் சுளிப்பவர்கள் மட்டும் இதைச் சொல்லவில்லை. தொழிலாளர்மீது உண்மையான பரிவுள்ளவர்களும் சொல்கிறார்கள். அதனால்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தன் சட்டத்தைப் பெருமளவு தளர்த்த உடன்பட்டபோது, இங்கேயும் பலர் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். திருத்தணியிலிருந்து பார்க்கிற எனக்கு அதில் நிம்மதி கொள்ள ஒன்றும் தெரியவில்லை. தொழிலாளியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பகுதியைத்தான் தளர்த்தியிருக்கிறார்கள். அவரைப் படுத்தி எடுக்கும் பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பவர்களில் பலர் அதை இறக்குமதித் தடை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெரிய நிறுவனம் தான் விற்கும் செருப்போ சட்டையோ கைப்பேசியோ எந்த ஊரில், யார் கையால் உருவாகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். அங்கே கொத்தடிமைத்தனம், குழந்தை உழைப்பு, பாலியல் தொல்லை, சங்கம் வைத்ததற்காகப் பழிவாங்கல் போன்றவை நடக்கிறதா, நடக்க வாய்ப்பிருக்கிறதா என்று கண்டறிய வேண்டும். இருந்தால் தடுக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் செய்ய வேண்டும். பிரான்ஸ் 2017இல் இப்படியொரு சட்டம் இயற்றியது. ஜெர்மனியின் சட்டம் 2023 ஜனவரி முதல் 3,000 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், 2024 முதல் 1,000 பேர் உள்ள நிறுவனங்களுக்கும் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான சட்டம் 2024 ஜூலையில் அமலானது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்ட பிறகுதான் இந்தக் கோரிக்கைக்கு வேகம் பிடித்தது.

திருத்தணிக்கு இதில் என்ன வேலை? மலைமேல் முருகன், 365 படிகள், ஆடிக் கிருத்திகைக்கு வரும் காவடிகள் என்பதைத் தாண்டி இந்த ஊரைத் தெரியாதவர்கள் அதிகம். விடியுமுன் இங்கே சாலையோரம் நின்று பார்த்தால் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சாப்பாட்டுப் பையுமாகப் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பது தெரியும். ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர். எட்டு மணி நேர ஷிப்ட் என்றாலும் வீட்டை விட்டுக் கிளம்பி வீடு வந்து சேரப் பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிடும். அந்தப் பெண்கள் தொட்டுச் சேர்க்கும் பொருள்கள் கலிஃபோர்னியா, சியோல் நிறுவனங்களின் பெயரில் உலகெங்கும் விற்கின்றன. தென்மேற்கே போனால் ராணிப்பேட்டை, அதையும் தாண்டி ஆம்பூர், வாணியம்பாடி. அங்கே பதனிடும் தோலும் தைக்கும் செருப்பும் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகின்றன. வடக்கே சில கிலோமீட்டர் போனால் ஆந்திர எல்லை, நகரி. ஐரோப்பியச் சட்டம் எங்கோ நடக்கும் விவகாரம் என்று ஒதுங்க முடியாத இடத்தில் இந்த ஊர் இருக்கிறது.

சட்டம் எதற்கு, பெரிய பிராண்டுகளே தங்கள் பேரைக் காப்பாற்றிக்கொள்ள ஒழுங்காக நடந்துகொள்ளும் என்பது எதிர்வாதத்தின் மென்மையான வடிவம். 2021 டிசம்பரை நினைவூட்ட விரும்புகிறேன். சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிளுக்காக ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட உணவால் நோயுற்றார்கள். 150க்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. சக தொழிலாளர்கள் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவ, ஆயிரக்கணக்கான பெண்கள் இரவோடு இரவாகச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. அதன் பிறகுதான் ஆப்பிள் தன் தணிக்கையாளர்களை அனுப்பி, சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு உகந்தவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. சப்ளையருக்கான நடத்தை விதிகளை ஆப்பிள் வெளியிட்டது 2005இல். ஆண்டுதோறும் அறிக்கையும் வந்துகொண்டுதான் இருந்தது. பதினாறு ஆண்டு தாமாக முன்வந்த கண்காணிப்புக்குத் தெரியாத விடுதிக் கழிப்பறைகளின் நிலையும் தரைப்படுக்கையும், பெண்கள் சாலையில் உட்கார்ந்த பிறகே தெரியவந்தன. அதே ஆலைக்குத் திருமணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தட்டிக்கழிக்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்டபோதும் விஷயம் வெளியே வந்தது ஒரு செய்தி நிறுவனத்தால்தான்.

இதைச் சொல்லிவிட்டு, எதிர்த் தரப்பு காட்டும் சேதங்களை இல்லை என்று மறுக்க நான் வரவில்லை. அவை நடந்தவை. 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் செய்த பொருள்களுக்குத் தடை கோரும் மசோதாவைக் கொண்டுவந்தார். மசோதா சட்டமாகவே ஆகவில்லை. அந்தப் பயத்திலேயே வங்கதேசத் தையல் ஆலைகள் சுமார் 50,000 குழந்தைகளை வெளியே அனுப்பின. பின்னால் யுனிசெஃப் அவர்களைத் தேடிப் போனபோது பலர் கல் உடைப்பு, தெரு வியாபாரம் என்று முன்பைவிட ஆபத்தான வேலைகளில் இருந்தார்கள். 2010இல் அமெரிக்காவின் டாட்–ஃபிராங்க் சட்டம், காங்கோவின் போர்க்குழுக்களுக்குப் பணம் போகும் கனிமங்களைப் பயன்படுத்துகிறீர்களா என்று நிறுவனங்களை வெளிப்படையாகச் சொல்லச் சொன்னது. வாங்குபவர்கள் காங்கோப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் விலகினார்கள். துப்பாக்கிக்காரனோடு எந்தத் தொடர்பும் இல்லாத, கையால் மண் தோண்டிப் பிழைத்த குடும்பங்களின் வருமானம் நின்றுபோனது.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஆம்பூர். செருப்பின் மேல்பகுதியை, அங்கே எல்லோரும் சொல்கிறபடி 'அப்பரை', வீட்டிலேயே உட்கார்ந்து கையால் தைக்கும் பெண்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஏஜென்ட் வண்டியில் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார். வாசல்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து, துளையிட்ட தோலில் ஊசியைக் கோத்து, நூலை இரு கையாலும் இழுத்து இறுக்க வேண்டும். இழுப்பு தளர்ந்தால் ஜோடி திரும்பி வரும், கூலி கிடையாது. விரல் கணு வீங்கும், முதுகு விண்டுபோகும். 2016இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு ஜோடிக்கு அவர்களுக்குக் கிடைத்தது பத்து ரூபாய்க்கும் குறைவு என்று காட்டியது. அதே செருப்பு பிரிட்டனில் 40 பவுண்டுக்கும் மேலே விற்றது. ஆலையின் எந்தப் பதிவேட்டிலும் இவர்கள் பெயர் இல்லை. இப்போது பொறுப்புச் சட்டம் வந்தால் பையர் என்ன சொல்வான்? 'வீட்டு வேலை வேண்டாம், எல்லாம் ஆலைக்குள்ளேயே நடக்கட்டும்' என்பான். பிள்ளையையும் மாமியாரையும் விட்டுவிட்டு ஆலைக்குப் போக முடியாத பெண்ணுக்கு அந்தப் பத்து ரூபாயும் போகும். இந்தப் பயம் நியாயமானது. சட்டத்தை ஆதரிப்பவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பேசுவது எனக்கு எப்போதும் கோபம் வரவழைத்திருக்கிறது.

ஆனால் இந்த மூன்று இடங்களிலும் அடித்தது எது என்று பார்க்க வேண்டும். வங்கதேசத்தில் வந்தது தடை மசோதா. குழந்தைக்குப் பள்ளியையும் உதவித்தொகையையும் யார் தருவது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. 1995 ஜூலையில் ஆலை முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஒப்பந்தம் போட்டுப் பள்ளிக்கூடம் திறந்து, மாதம் 300 டாக்கா கொடுத்த பிறகுதான் நிலைமை ஓரளவு சீரானது. அந்த ஒப்பந்தம் முன்னால் வந்திருந்தால் குழந்தைகள் கல் உடைக்கப் போயிருக்க வேண்டியதில்லை. காங்கோ விஷயத்தில் சட்டம் கேட்டது வெறும் அறிக்கை. 'எங்கள் பொருளில் காங்கோக் கனிமம் இல்லை' என்று எழுதிக் கொடுப்பதுதான் மலிவான வழி. அங்கேயே நின்று சுரங்கத்தைச் சரிசெய்வதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. பத்து ஆண்டு லாபம் பார்த்த இடத்தை விட்டு ஒரு கடிதத்தோடு ஓடிப்போகலாம், ஓடிப்போனதால் யாருக்கு என்ன ஆனாலும் கேள்வியில்லை என்ற நிலையில், எந்தக் கம்பெனியும் ஓடத்தான் செய்யும்.

அப்படி ஓடுவதைத்தான் 2024ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டமும் ஜெர்மன் சட்டமும் தடுக்கப் பார்த்தன. சப்ளையருடனான உறவை முறிப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று இரண்டிலும் எழுதியிருக்கிறது. முறித்தால் தொழிலாளர்களுக்கு இப்போதுள்ளதைவிடப் பெரிய தீங்கு வருமா என்று ஐரோப்பியச் சட்டம் யோசிக்கச் சொன்னது. வாங்கும் முறையையும் திருத்தச் சொன்னது. வீட்டிலிருந்து தைப்பவர்களை விலக்காமல் பதிவேட்டுக்குள் கொண்டுவந்து கூலியைச் சரிசெய்ய வேண்டும் என்று ஓ.இ.சி.டி. 2017இலேயே ஆடை, காலணித் துறைக்கான வழிகாட்டியில் தனிப் பகுதியாக எழுதி வைத்திருக்கிறது. ஆம்பூர்ப் பெண்ணுக்கு வர இருக்கும் ஆபத்து தெரியாமல் யாரும் சட்டம் எழுதவில்லை. அந்த ஆபத்தைத் தடுக்கும் வரிகளை மதிக்காவிட்டால் கம்பெனிக்கு என்ன ஆகும் என்பதில்தான் கேள்வி தங்கியிருக்கிறது.

அடுத்த பக்கவிளைவு காகிதம். ராணிப்பேட்டைப் பக்கம் சின்ன யூனிட் நடத்தும் நண்பர் ஒருவர் தன் மேஜையிலிருந்த கோப்பைக் காட்டினார். பையர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வினாப்பட்டியல், தனித்தனி ஆடிட். ஆடிட் செலவு யூனிட்காரர் தலையில். ஓர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார்: தன் ஆலையில் மட்டுமல்ல, தனக்குத் தோல் தருபவர், ரசாயனம் தருபவர், ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் எல்லோரிடமும் எந்த உரிமை மீறலும் இல்லை என்று அவர் உத்தரவாதம் தருகிறார், இருந்தால் ஆர்டர் ரத்து, நஷ்டமும் அவரே கட்ட வேண்டும். பக்கம் பக்கமாக இருந்த அந்த ஒப்பந்தத்தில் விலையைப் பற்றி ஒரு வரி இல்லை. டெலிவரி தேதியைக் கடைசி நேரத்தில் முன்னுக்கு இழுத்தால் ஓவர்டைமுக்கு யார் பொறுப்பு என்றும் இல்லை. "சட்டம் அவனுக்கு, சுமை எனக்கா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அவர் கண்ட தீர்வு, சட்டமே வேண்டாம் என்பது. அங்கேதான் நான் வேறுபடுகிறேன். பிராண்டு தன் கடமையை ஒப்பந்தக் காகிதம் வழியாகக் கீழே தள்ளிவிடலாம் என்று விட்டதுதான் கோளாறு. தள்ளிய பிறகும் அதன் பொறுப்பு அதனிடமே நிற்கும் என்று இருந்திருந்தால், இந்த ஒப்பந்தத்தை எழுதிய வக்கீல் விலையைப் பற்றியும் யோசித்திருப்பார்.

ஆடிட் சான்றிதழ்களின் கதையைச் சொல்லவே வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் வெந்து மடிந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன, ஜன்னல்களில் கம்பி. அதற்குச் சில வாரங்கள் முன்பு அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்திருந்தது. முக்கியமான பையர் ஜெர்மனியின் கிக் நிறுவனம். இறந்தவர்களின் குடும்பத்தினர் டார்ட்முண்ட் நீதிமன்றத்துக்குப் போனார்கள். காலக்கெடு கடந்துவிட்டது என்று 2019 ஜனவரியில் வழக்குத் தள்ளுபடியானது. பிறகு வந்த ஜெர்மன் சட்டம், தன்னை மீறியதற்காக நஷ்டஈடு வழக்குத் தொடர முடியாது என்று தெளிவாகவே எழுதிவிட்டது. நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதில்லை, அரசு அலுவலகம் கேட்டால் காட்டக் கோப்பு இருந்தால் போதும் என்றால் கம்பெனிகள் கோப்பைத்தான் பெருக்கும். நண்பரின் மேஜையில் குவிந்திருந்த காகிதம் அப்படி வந்ததுதான்.

இதற்கு மாற்று உண்டா என்றால், உண்டு. அதுவும் நம் மாநிலத்திலேயே. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கொன்றவர் அவருடைய சூப்பர்வைசர். அவர் பல மாதங்களாகத் தொல்லை கொடுத்துவந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. அந்த ஆலை உலகப் பெரும் பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆலை. நடத்தை விதிகளும் ஆடிட்டும் அங்கே இருந்தன. வழக்கமான முறைப்படி பிராண்டுகள் ஆர்டரை நிறுத்திவிட்டுக் கிளம்பியிருந்தால், ஆயிரக்கணக்கான பெண்கள் வேலையிழந்திருப்பார்கள். நம் எதிர்த் தரப்பும் 'பார்த்தீர்களா' என்றிருக்கும்.

நடந்தது வேறு. தலித் பெண்கள் பெரும்பான்மையாக இருக்கும், பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கமும் ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் உள்ளிட்ட அமைப்புகளும் ஈஸ்ட்மேனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஹெச் அண்ட் எம், கேப், பி.வி.ஹெச். ஆகிய மூன்றும் அதோடு பிணைந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்டு அதற்கான நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அதைக் கட்டாயப்படுத்தச் சட்டபூர்வ வழியும் உண்டு. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள். தையல் லைனில் 25 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சூப்பர்வைசர் தகாத வார்த்தை பேசினால் பக்கத்துத் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவரிடமே சொல்லலாம். முதல் ஆண்டிலேயே 180க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன, மிகப் பெரும்பாலானவை தீர்ந்தன. ஆடிட்டர் ஒரு நாள் வந்து போயிருந்தால் இவற்றில் எத்தனை வெளியே வந்திருக்கும்?

அதே ஆண்டு ஜூலை இறுதியில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் நாச்சி ஆலைப் பொருள்களைத் துறைமுகத்திலேயே நிறுத்த ஆணையிட்டது. ஒப்பந்தத்துக்கு முந்தைய நிலைமையை வைத்துப் போட்ட ஆணை அது. எதிர்த் தரப்பு சொல்லும் பக்கவிளைவு முழு உருவத்தில் வாசலில் வந்து நின்ற தருணம். ஆர்டர் போயிருந்தால் பெண்கள் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் தடை நீங்கியது. நிர்வாகம் வைத்திருந்த சான்றிதழ்களால் அது நடக்கவில்லை. சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் நிலைமை சரியாகியிருக்கிறது என்று காட்ட முடிந்ததால் நடந்தது. ஆறு வாரத்துக்குள் ஒரு தடையை விலக்கவைத்தது கிராமத்துப் பெண்களின் சங்கம். கட்டாயக் கடமை வேலையைப் பறிக்கும் என்று சொல்பவர்கள் இந்த ஒரு நிகழ்வை எப்படி விளக்குவார்கள் என்று நான் காத்திருக்கிறேன்.

தனி ஆலை விதிவிலக்கு என்றால் ஒரு நாட்டையே பார்க்கலாம். ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் வங்கதேசத்தில் கையெழுத்தான தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. அது கட்டாய ஒப்பந்தம். மீறினால் நடுவர் தீர்ப்பாயம் வரை இழுக்கலாம். செலவு தாங்காது, ஆர்டரெல்லாம் வியட்நாமுக்கும் கம்போடியாவுக்கும் பறந்துவிடும் என்றார்கள். 2012–13இல் வங்கதேச ஆயத்த ஆடை ஏற்றுமதி சுமார் 21.5 பில்லியன் டாலர்; 2018–19இல் 34 பில்லியன். சின்னத் துணை ஒப்பந்த யூனிட்டுகள் சில மூடப்பட்டன, அதை மறைக்கவில்லை. ஆனால் தொழில் சாகவில்லை, வளர்ந்தது.

இப்போது 2025க்கு வருவோம். 1,000 தொழிலாளர், 45 கோடி யூரோ விற்றுமுதல் என்றிருந்த எல்லையை 5,000 தொழிலாளர், 150 கோடி யூரோ என்று உயர்த்திவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர் ஐரோப்பா முழுவதும் ஒரே மாதிரி நஷ்டஈடு கேட்கலாம் என்ற பொறுப்பு விதியை நீக்கிவிட்டார்கள். அந்தந்த நாட்டுச் சட்டம் எதை அனுமதிக்கிறதோ அதுதான். சின்ன நிறுவனங்களிடம் தேவையில்லாமல் தகவல் கேட்டு நச்சரிக்கக் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள். அது மட்டும் நல்ல திருத்தம், என் நண்பரின் கோப்பு கொஞ்சம் மெலியலாம். மற்றபடி நடந்தது என்ன? ஒன்றிய அளவில் நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை போனது. பொறுப்பை ஒப்பந்தக் காகிதத்தில் கீழே தள்ளும் பழக்கத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. பக்கவிளைவுகளைக் காட்டித்தான் இந்தத் தளர்வை வாங்கினார்கள். வாங்கிய பிறகு அந்தப் பக்கவிளைவுகள் கூடத்தான் செய்யும், ஏனென்றால் ஓடிப்போவது இன்னும் மலிவாகிவிட்டது.

'ஐரோப்பியச் சந்தையைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட மறைமுக வேலி' என்ற வாதமும் இங்கேயே உடைந்துபோகிறது. வேலி போட்டவர்களே அதைப் பிடுங்கக் கிளம்பினார்களே, ஏன்? 2025 மே மாதத்தில் ஜெர்மனியின் சான்சலர் மெர்ஸும் பிரான்ஸ் அதிபர் மக்ரோனும் சட்டத்தையே தூக்கி எறிய வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார்கள். அமெரிக்காவும் கத்தாரும் எரிவாயு விற்பனையைக் காட்டி அழுத்தம் கொடுத்தன. ஐரோப்பியத் தொழிலைக் காக்கும் சட்டமாக இருந்திருந்தால் ஐரோப்பிய முதலாளிகள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆம்பூர்ச் செருப்பின் கூலியைக் கூட்ட வேண்டிவரும் என்பதால்தான் எதிர்த்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பை நம்முடைய தேசப்பற்று என்று எடுத்துக்கொள்வது பரிதாபம்.

'நமக்கு நம் சட்டம் போதும், வெள்ளைக்காரன் ஏன் வந்து சொல்ல வேண்டும்?' இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு மரியாதை உண்டு. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் 2025 நவம்பர் வரை நம்மிடம் இருந்தது; 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 2013இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் எல்லாம் இன்றும் உண்டு. அவற்றை ஒழுங்காக நடைமுறைப்படுத்துவதுதான் முதல் வேலை. ஆனால் எல்லையில் வாழ்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். இந்தத் திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது, ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய போராட்டத்தால் தமிழகத்துக்கு வந்தது. அன்று நாம் நிலத்துக்காகப் போட்டியிட்டோம். இன்று இரு மாநிலங்களும் முதலீட்டுக்காகப் போட்டியிடுகின்றன, அந்தப் போட்டியில் பந்தயம் வைக்கப்படுவது தொழிலாளியின் நேரம்.

2023 பிப்ரவரியில் கர்நாடகம் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி வரை நீட்டிக்க வழி செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 21இல் தமிழகச் சட்டமன்றமும் அப்படியொரு திருத்தத்தை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 2025 ஜூனில் ஆந்திர அமைச்சரவை தினசரி வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து பத்து மணி நேரமாக்க ஒப்புக்கொண்டது. இங்கே முடியாவிட்டால் அங்கே போகிறோம் என்று ஒரு கம்பெனி சொன்னால் போதும். நகரியைத் தாண்டினால் வேறு விதி. மாநில அரசு எவ்வளவு நல்ல சட்டம் போட்டாலும் அது எல்லைக் கல்லோடு நின்றுவிடும். வாங்குபவர்மேல் விழும் கடமை பொருளோடு கூடவே போகும். ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாலும் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் இருந்தாலும் ஒன்றுதான். பக்கத்து மாநிலத்தைக் காட்டி மிரட்டும் ஆயுதத்தைக் கம்பெனிகளின் கையிலிருந்து பிடுங்கக்கூடிய சட்டம் வேறு எதுவும் இப்போது என் கண்ணுக்குத் தெரியவில்லை. நம் சட்டத்தின் இடத்தை அது பிடிக்க வரவில்லை. நம் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லும் நெருக்குதலுக்கு எதிரே நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஏழை நெசவாளி, சூளைத் தொழிலாளி' என்று சட்டத்தை எதிர்ப்பவர்கள் உருகும்போது எனக்குப் பொதட்டூர்பேட்டையும் அம்மையார்குப்பமும்தான் ஞாபகம் வருகின்றன. பாவு கொடுப்பவரிடம் கடன், கூலி உயர்வுக்கு அடிக்கடி தறியை நிறுத்தும் போராட்டம், நாளெல்லாம் காதைப் பிளக்கும் சத்தம் என்று வாழும் அந்தப் பவர்லூம் குடும்பங்கள் நெய்வது பெரும்பாலும் நம் ஊர் சந்தைக்கு. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஒடிசாவிலிருந்து வந்து கல் அறுக்கும் குடும்பங்களின் செங்கல் சென்னைக் கட்டடங்களுக்குப் போகிறது. ஐரோப்பியச் சட்டம் இவர்களைத் தொடவே தொடாது. கெடுக்கவும் செய்யாது, காக்கவும் செய்யாது. இவர்களுக்கு நம் அரசு செய்ய வேண்டியதை ஐரோப்பியச் சட்டத்தைத் திட்டுவதால் செய்துவிட முடியாது. இவர்கள் பெயரைச் சொல்லி ஸ்ரீபெரும்புதூர், திண்டுக்கல் பெண்களுக்குக் கிடைக்கக்கூடியதைத் தடுப்பது இரண்டு தரப்புக்கும் செய்யும் அநியாயம்.

தளர்த்திய சட்டத்தையும் ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றும் 2028 ஜூலைக்குள் தங்கள் சொந்தச் சட்டமாக எழுதியாக வேண்டும். நிறுவனங்களுக்கு அது 2029 ஜூலையில் அமலாகும். நஷ்டஈட்டு விதி ஒன்றிய அளவில் நீங்கியதே தவிர, எந்த நாடும் தன் சட்டத்தில் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதுவரை நம் ஏற்றுமதியாளர் சங்கங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பெர்லினுக்கும் பாரிஸுக்கும் அவர்கள் எழுதட்டும்: ஆடிட் செலவில் பாதியையாவது பையர் ஏற்கட்டும், உத்தரவாத ஒப்பந்தத்தில் விலையும் டெலிவரி நாளும் பணம் தரும் நாளும் இடம்பெறட்டும், விலகிப் போவதற்கு முன் ஆறு மாதமாவது நின்று சரிசெய்யட்டும், தொழிலாளர் சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கும் ஆலைக்குத் தனி ஆடிட் வேண்டாம் என்று எழுதட்டும். ஆம்பூர் சங்கங்கள் இன்னொரு வரியையும் சேர்க்கலாம்: வாசல்படியில் உட்கார்ந்து அப்பர் தைக்கும் பெண்ணின் பெயரும் அவருக்குக் கொடுத்த கூலியும் ஆலைப் பதிவேட்டில் ஏற வேண்டும், அந்தப் பதிவேட்டைப் பையர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.